பெரியத்தா போட்ட வட்டிக் கணக்கு

வங்கிக் கவுண்டர் கண்ணாடியின் அடியில் அரைவட்டமாக ஒரு திறப்பு இருக்கும். வருகிறவர்கள் அதன் வழியாகக் கையை நீட்டுவார்கள். என் பெரியத்தா, அதாவது அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் அண்ணன், தலையை நீட்டுவார். குனிந்து, தொப்பி கண்ணாடியில் இடிக்க, வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏம்மா, ஏழு ஏழாவே இருக்குல்ல?" என்பார். ஐந்து வருடம், மாதா மாதம், இதே கேள்வி. தொடர் வைப்புக்கு வட்டி ஏழு சதவீதம் என்று கணக்குத் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டேன். தொடங்கும்போது என்ன விகிதமோ அதுதான் கடைசிவரைக்கும், நடுவில் உலகமே தலைகீழானாலும் மாறாது என்றும் சொல்லியாயிற்று. கேட்டால்தானே! "ஏழுதான் பெரியத்தா" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் பணம் உள்ளே வரும். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு, அதன்மேல் துருவும் எண்ணெயும் கலந்த வாசனை. ஸ்ரீரங்கத்துக் கிளையில் என் பக்கத்து நாற்காலிக்காரிகூட அவர் தலை தெரிந்ததும் "ஏழு வந்துட்டாரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

பெரிய கடை வீதியில் அவருக்கு ஹார்ட்வேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. கடையை விட்டு இரண்டடி நடந்தால் வங்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, நான் உட்கார்ந்திருக்கும் கிளைக்குத்தான் வருவார். பாலம் பழுதுபார்க்க மூடிக்கிடந்தபோது ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், பேரிகார்டுகளுக்கு நடுவே, போலீஸ்காரரிடம் "மக உள்ள பேங்க்ல இருக்கா சார்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். கணக்கிலிருந்தே மாதா மாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதித் தருகிறேன் என்றால், "கையால போட்டாத்தான் போட்ட மாதிரி இருக்கு" என்பார்.

அந்தச் சேமிப்பே பெரியம்மாவின் பிடிவாதம். இருவரும் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும், நடக்கிற காலில் தெம்பு இருக்கும்போதே போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையில் கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் பெரியத்தா ஏற்கெனவே ஒரு முறை ஹஜ்ஜுக்கென்று சேர்த்தார். அவருடைய அக்கா மகன் குவைத் விசாவுக்கு என்று வந்து நின்றான், டின் காலி. குவைத்துக்குப் போனவன் ஒரு டப்பா பேரீச்சம்பழம் அனுப்பியதோடு சரி. "உங்க கையில காசு இருந்தா அது ஊர்க்காசு. எட்டாத எடத்துல போடுங்க" என்று பெரியம்மா சொல்லி, மாதம் பத்தாயிரம் வீதம் ஐந்து வருடத்துக்கு என்னிடம் கணக்குத் தொடங்க வைத்தார். வட்டியில்லாத கணக்கும் உண்டு என்று நான் சொல்லாமல் இல்லை. "அதுல நெனச்சப்ப எடுக்கலாம்ல? அப்ப எடுத்துருவேன்" என்றார் பெரியத்தா. தன்னைப் பற்றி அவருக்கு அந்த மட்டும் தெரிந்திருந்தது.

ஆனால் வட்டி ஹராம். அது அவருக்கு மூச்சு மாதிரி உறுதி. முதிர்வுத் தொகை அச்சிட்ட ரசீதைக் கையில் கொடுத்தேன், தீப்பட்டதுபோல் உதறினார். "வட்டி எழுதின தாளு வீட்டுக்குள்ள வேணாம்மா. நீயே வச்சுக்க. அதுக்கு என்ன பண்ணணுமோ நான் பண்ணிக்கிறேன்." கடைசியில் எவ்வளவு வரும் என்று ஒரு வரி படித்துக் காட்டுகிறேன் என்றேன். காதைப் பொத்திக்கொண்டார். எங்கள் மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ரசீதை என் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஒரு மாதம் பெரியத்தாவுக்குக் காய்ச்சல். தவணை தாமதமாகிவிட்டது. தாமதத்துக்குச் சில்லறை ரூபாய் அபராதம் உண்டு. சொன்னேன். தலை உள்ளே வந்தது. "இது வட்டியா?" "இல்ல பெரியத்தா, ஃபைன்." "நான் லேட்டாக் குடுக்குறதுக்கு அவன் மேல கேக்குறான்னா அது வட்டி இல்லாம வேற என்ன? வாங்குறதும் பாவம், குடுக்குறதும் பாவம்மா." வரிசை நெளிந்தது. பின்னால் நின்றவர் ஒரு ஐயங்கார் மாமா, பொன்மலைப் பணிமனையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், பென்ஷன் எடுக்க வந்தால் அரைநாளைக் கிளையிலேயே கழிப்பவர். அவர் திருமண் இட்ட நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "பாய், சிவப்பு விளக்குல வண்டிய விட்டா போலீஸ்காரன் பணம் வாங்கறானே, அது வட்டியா? அபராதம். இதுவும் அபராதம்தான். கட்டிட்டு நகருங்கோ, நேக்குப் பசிக்கறது." பெரியத்தா யோசித்தார். கட்டினார். நான் சொன்னால் ஏறாதது மூன்றாம் மனிதர் சொன்னால் மட்டும் எப்படித்தான் ஏறுமோ! அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள் வேறு. என் கவுண்டர் முன்னால் நின்று முட்டிவலித் தைலம் பற்றிப் பேசுவார்கள்.

இதற்கிடையில் எங்கள் குடும்பத்தில் இன்னொரு சிரிப்பு நடந்துகொண்டிருந்தது. பெரியத்தாவின் தெருமுனையில் ஒரு பொதுக் கழிப்பறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்து பழகிய எங்களுக்கு அது திடீரென்று அடையாளம் தெரியாமல் போனது. புதுக் கதவு, புதுத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், சுவரில் டைல்ஸ், கழுவிவிட ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம். எல்லாம் பெரியத்தாவின் செலவு. "கக்கூஸ் கமிட்டித் தலைவர்" என்று என் அத்தாவே கிண்டல் செய்தார். அதைவிடக் கூத்து, அந்தத் தாழ்ப்பாளையும் கீலையும் தன் கடையிலிருந்து எடுக்காமல், எதிர்வரிசையில் இருக்கும் போட்டிக் கடைக்காரரிடம் முழு விலை கொடுத்து வாங்கினார். நானே கண்ணால் பார்த்தேன். தன் கடையில் அதே தாழ்ப்பாள் கொத்துக் கொத்தாகத் தொங்க, இவர் அங்கே நின்று காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயதாகிறது, ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருடம் முடிந்தது. ஹஜ் விண்ணப்பத்தில் குலுக்கலில் இருவர் பெயரும் வந்திருந்தது. பணம் கட்டக் கடைசித் தேதி குறித்துவிட்டார்கள். பெரியம்மா புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தார். பெரியத்தா வெள்ளைச் சட்டையும் துணிப்பையுமாக வந்து தலையை நீட்டினார். நான் கணக்கை முடித்து, "ஏழு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்" என்றேன். அவர் முகம் அப்படியே நின்றது. "எட்டு லட்சத்துப் பத்தாயிரம்மா" என்றார் மெதுவாக. நான் ரசீதை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினேன். முதல் நாளே அச்சிட்ட தொகை. "தப்பு" என்றார். பிறகு சத்தமாக, "தப்பும்மா, ஏமாத்துறாங்க! ஏழு ஏழாவே இருக்குன்னு நீதான மாசா மாசம் சொன்ன?" என்றார். கிளை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பதினெட்டு வருட சர்வீசில் என்னை ஏமாற்றுக்காரி என்று யாரும் சொன்னதில்லை. சொந்தப் பெரியத்தா சொன்னார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. முதல் நாளே அவர் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். மொத்தம் கட்டப்போவது ஆறு லட்சம். அதற்கு ஏழு சதவீதம், வருடத்துக்கு நாற்பத்திரண்டாயிரம். ஐந்து வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அந்தப் பாவத்தைக் கடைசிவரை தலையில் சுமக்கக்கூடாது, நடுவில் மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது என்று, அந்த வட்டியை மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறாகப் பிரித்து, கடை வருமானத்திலிருந்து முன்கூட்டியே வெளியேற்றிக்கொண்டே வந்திருக்கிறார். வட்டிப் பணத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கக்கூடாது, சொந்தக்காரனுக்குக் கொடுத்தால் நமக்குப் பேர் வரும், அதனால் கழிப்பறை. தாழ்ப்பாளைத் தன் கடையில் எடுத்தால் லாபம் தனக்கே திரும்பிவிடும், அதனால் போட்டிக் கடை. தன் பையிலிருந்து அத்தனையும் கழித்துவிட்டதால், வங்கி கொடுக்கும் எட்டு லட்சத்துப் பத்தாயிரமும் சுத்தமான பணம். இரண்டு பேர் ஹஜ்ஜுக்கு அதுதான் கணக்கு.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஐயோ, ஆறு லட்சத்தையும் முதல் நாளே கொண்டுவந்து கொட்டியிருந்தால் அல்லவா ஆறு லட்சத்துக்கும் ஐந்து வருட வட்டி! இவர் மாதம் பத்தாயிரமாகக் கட்டினார். "பெரியத்தா, உங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்றேன். ஒரு வீட்டுல வரிசையாப் புள்ளைங்க. மூத்தவனுக்கு அஞ்சு வயசுன்னா, போன மாசம் பொறந்ததுக்கும் அஞ்சு வயசா? மொத மாசம் நீங்க போட்ட பத்தாயிரம் அஞ்சு வருஷம் இங்க இருந்துச்சு. கடைசி மாசம் போட்டது ஒரு மாசம்தான் இருந்துச்சு. அததுக்கு அதது இருந்த காலத்துக்குத்தான் வட்டி. நீங்க எல்லாத்துக்கும் மூத்தவன் வயசப் போட்டிருக்கீங்க!" அவர் விழித்தார். "கூட்டு வட்டின்னு சொன்னியே, வட்டிக்கு வட்டி, அது?" மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டுத்தான் இந்தத் தொகையே வந்திருக்கிறது, இல்லாவிட்டால் இன்னும் குறையும் என்றேன். உண்மையான வட்டி ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். இவர் கொடுத்துத் தீர்த்ததோ இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

ஐயங்கார் மாமா அன்றைக்கும் இல்லாமல் இருப்பாரா? பென்ஷன் பாஸ்புக்கின் பின்னட்டையில் கழித்தல் போட்டுப் பார்த்துவிட்டு, "பாய், கோவிச்சுக்காதீங்கோ. இங்க கொறையறதும் தொண்ணூறாயிரத்துச் சொச்சம். நீங்க அங்க கூடக் கொடுத்ததும் அதே தொண்ணூறாயிரத்துச் சொச்சம். யாரும் ஒங்கள ஏமாத்தல. பணம் முழுக்க அந்தக் கக்கூஸ்லதான் இருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள். பெரியத்தா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெரியம்மாவின் புதுச் செருப்பு என் கண்முன்னால் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முதல் நாள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "குறையிற பணத்த நான் குடுக்குறேன் பெரியத்தா. கடன் இல்ல, திருப்பித் தர வேணாம். உங்க மக குடுக்குறதா நெனச்சு வாங்கிக்கங்க" என்றேன். பிள்ளையில்லாத வீடு அது. என்னைத்தான் எல்லோரிடமும் மகள் என்பார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியத்தா தரையைப் பார்த்தபடியே, "வேணாம்மா. அது பேங்க் சம்பளம்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வட்டியில் நடக்கும் இடம், அங்கே வாங்கும் சம்பளம், அதில் ஹஜ் கூடாது. அதுதான் அவர் சொன்னது. அப்படியென்றால் பெருநாளுக்கு நான் அவருக்கு எடுத்துக் கொடுத்த சட்டைகள்? என் வீட்டில் அவர் உட்கார்ந்து சாப்பிட்ட சோறு? மாதா மாதம் என் கண்ணாடியில் தலையை விட்டு மகளே மகளே என்று கூப்பிட்டபோதெல்லாம் மனசுக்குள் இதை வைத்துக்கொண்டா கூப்பிட்டார்? "நாக்குல நரம்பில்லையா உங்களுக்கு?" என்று பெரியம்மா அவரைப் பார்த்துக் கத்தினார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்துவிட்டேன். காந்தி மார்க்கெட் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது.

இருக்கிற பணத்தில் ஒருவர்தான் போக முடியும். பெரியத்தா தன் பெயரை எடுத்துவிட்டார். "நீ போ. உன் முழங்கா அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது. எனக்கென்ன, அடுத்த தடவ" என்று பெரியம்மாவைப் பெண்கள் குழு ஒன்றோடு அனுப்பி வைத்தார். விமான நிலையத்தில் பெரியம்மா அவரைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனாராம். மிச்சம் மூன்று லட்சத்துக்கு மேல் கையில் இருந்தது. அதில் கொஞ்சம் சேர்த்தால் அடுத்த வருடம் அவரும் போயிருக்கலாம். ஆனால் பெரியம்மா ஊரில் இல்லாத அந்த நாற்பது நாளில், குவைத்திலிருந்து வேலை போய்த் திரும்பிய அதே அக்கா மகன், கடை வைக்கப் பணம் வேண்டும் என்று வந்து நின்றான். சொல்லவும் வேண்டுமா? மக்காவிலிருந்து திரும்பிய பெரியம்மா ஜம்ஜம் தண்ணீர்க் கேனை இறக்கி வைப்பதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஹாஜியம்மா அன்று பேசிய பேச்சைத் தெருவே கேட்டது.

பெரியத்தா மறுபடியும் பஸ் ஏறி வந்தார். மறுபடியும் தொடர் வைப்பு, மறுபடியும் முதல் மாதம். நான் அவரை "வாங்க சார்" என்றேன். ஆம், சார்தான். மற்ற வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோலவே பேசினேன். படிவத்தைத் தள்ளினேன், கையெழுத்து வாங்கினேன். இந்த முறை அவர் காதைப் பொத்தவில்லை. "மாசா மாசம் வட்டி மட்டும் எவ்வளவு ஏறும்னு நீயே கணக்குப் போட்டு எழுதிக் குடும்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் மாதா மாதம் தலை உள்ளே வரும். ஏழு, எட்டு என்று எதுவும் கேட்காது. "நல்லாருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்கும். "இருக்கேன் சார்." ஐயங்கார் மாமாகூட ஒருநாள், "என்னடி இது, பெரியப்பாவப் போய் சார்ங்கற?" என்றார். "நீங்க பென்ஷன வாங்கிட்டுப் போங்கோ மாமா" என்று அவர் பாஷையிலேயே எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கடையைச் சாத்தக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஷட்டருக்குப் பூட்டைப் போட்டுவிட்டாராம், சாவி கையில் இருந்தது. போன மனிதரைத் திட்டக்கூடாது என்பார்கள். எனக்கு அவர்மேல் அப்போதும் கோபம்தான். பேசித் தீர்க்காமல், பாதிக் கணக்கில் எழுந்து போவது என்ன பழக்கம்? ஜனாஸா கிளம்பும்போது "பெரியத்தா" என்றுதான் அழுதேன். அது அவர் காதில் விழுந்திருக்க வழியில்லை.

நாமினி பெரியம்மா. கணவன் இறந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முடிந்து, இந்த மாதம்தான் முதல்முறையாகப் பாலத்தைத் தாண்டி என் கவுண்டருக்கு வந்தார். நான் அவரை உள்ளே அழைத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கட்டிய முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொன்னேன். அந்த வட்டியை, நான் எழுதிக் கொடுத்தபடி மாதா மாதம், பெரியத்தா ஏற்கெனவே கழித்திருந்தார், இந்த முறை ரூபாய் பிசகாமல். "அவருக்காக நான் போகப் போறேன்" என்றார் பெரியம்மா. தன் ஹஜ்ஜை முடித்தவர், போகாமல் இறந்தவருக்காக அவர் பெயரில் போய் நிறைவேற்றலாம். பதல் ஹஜ் என்பார்கள். முழங்காலைப் பார்த்தேன். "சக்கர நாற்காலி இருக்குல்ல, தள்ள ஆள் இருக்காங்கல்ல" என்றார். பிறகு, "கொறையிறத நீ போடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பெரியத்தா வேணாம்னு சொன்ன காசு இது. பேங்க் சம்பளம்" என்றேன். குரலில் இருந்த கசப்பை மறைக்க நான் முயலவில்லை.

"தெரியும்" என்றார் பெரியம்மா. "தொழுகைய விட்டா, நோன்ப விட்டா, அல்லாஹ் மன்னிச்சுருவான். ஒரு மனுஷன இன்னொரு மனுஷன் நோகடிச்சா அத அவன் மன்னிக்க மாட்டான். நொந்தவங்கதான் மன்னிக்கணும். அந்த மனுஷன் உன்னைய அழ வச்சுட்டுப் போயிட்டாரு. ரெண்டு வருஷமா அவர நீ சாருன்னு கூப்பிட்டதச் சொல்லிச் சொல்லி வீட்டுல சோறு எறங்காம உக்காந்திருப்பாரு. வாய் தொறந்து கேக்கத்தான் தெரியல. உன் காசு சேராம அவரு ஹஜ்ஜு முடியாதும்மா. போடுறியா, மாட்டியா?"

வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாரா அந்த மனுஷன்? மாதா மாதம் தலையை நீட்டிக்கொண்டு என் எதிரில்தானே நின்றார்! அதை அங்கேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? செத்த பிறகும் இவருக்கு நான்தான் கணக்குப் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டே திட்டினேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் சீட்டை எடுத்து, தொகை எழுதும் இடத்தில் பேனாவை வைத்தேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எவ்வளவு கொறையுதுன்னு சரியாப் பாத்து எழுது. ஒரு ரூபா கூடப் போட்டுறாத. இந்தக் குடும்பத்துல கூடக் குடுத்து அழுதது போதும்."